இன்னிக்குப் போட்ட பன்

பாதி கடித்த பன் இருந்த தட்டை ஆரிபா மாமியின் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கி, அலமாரியில் டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள் ஷாஹினா.

“ஏண்டி, எச்சிப் பன்னை எதுக்கு எடுத்து வைக்கிறே? எறும்பு மொய்க்கும்.”

“இருக்கட்டும் மாமி. நான் அப்புறம் போட்டுக்கிறேன்.”

“என்னமோ பண்ணு.”

மாமி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். துக்கம் வந்தால் மற்றவர்கள் அழுவார்கள், மாமி வீடு கூட்டுவாள். ஒரே அண்ணன் போய்விட்டான் என்று நேற்று சாயங்காலம் வத்தலக்குண்டிலிருந்து ஓடிவந்தவள், முகத்தைப் பார்த்து ஒரு மூச்சு அழுதாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதிலிருந்து இந்த வீட்டில் அவள் துடைக்காத இடம் ஸ்டவ் மட்டும்தான். மய்யித்து வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்புப் பற்றவைப்பதில்லை. சாப்பாடு பக்கத்து வீடுகளிலிருந்து வந்துவிடும். யாராவது மறதியாகப் பற்றவைத்துவிடக் கூடாதென்று ஸ்டவ்வின் மேல் ஒரு துணியை விரித்துப் போட்டிருந்தாள் மாமி.

கூடத்தில் ஷாஹினாவைப் பெற்ற அத்தா படுத்திருந்தார். சௌகத் அலி என்றால் பேகம்பூரில்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘பன்னு பாய்’ என்றால் பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். அப்படித்தான் காலையிலிருந்து ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று பள்ளிவாசலில் அறிவித்திருந்தார்கள். வாசல் பந்தலுக்கடியில் ஷாஹினாவின் கணவன் ஹாமித் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தான். கடையில் பன் போடுகிற பழனிக்குமார், யாரோடும் பேசாமல், கைலியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

“நேத்து அஸ்ரு நேரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. டீ குடிச்சாரு. பன்னு சாப்ட்டாரு. அப்படியே சாஞ்சுட்டாரு” என்பான் ஹாமித்.

கேட்டவர்கள், “நல்ல மவுத்து. யாருக்கும் சிரமம் இல்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். அந்த ‘பன்னு சாப்ட்டாரு’ என்பதில்தான் அம்மா சிக்கிக்கொண்டு கிடக்கிறாள் என்பது ஷாஹினாவுக்கு மட்டுமே தெரியும்.

உள் அறையில் கமர்ஜஹான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூடி வைத்த இட்லி ஆறிப்போயிருந்தது.

“அம்மா, ஒரு இட்லியாச்சும் தின்னு. சுகர் மாத்திரை போடணும்ல.”

“எறங்கலடி.”

“நேத்து மத்தியானம் தின்னது. மயக்கம் போட்டு விழுந்தேன்னா அங்கிட்டு அத்தாவைப் பாப்பேனா, இங்கிட்டு உன்னையப் பாப்பேனா?”

கமர்ஜஹான் கதவுப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை.

“கடைசியா என்ன கேட்டாரு? இன்னிக்குப் போட்டதான்னு கேட்டாரு. நான் ஆமான்னேன். கலிமா சொல்லிக் குடுக்க வேண்டிய நேரம்டி அது. பொய்யச் சொல்லி அனுப்பி வச்சிருக்கேன்.”

“சாகப் போறாருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவருக்கும் தெரியாது. அது பழசுன்னும் தெரியாது. நம்பிட்டுப் போயிட்டாரே.”

ஷாஹினா இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அத்தா கடையில் நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அடுப்பிலிருந்து தட்டு வெளியே வந்ததும் முதல் பன்னை அவரே எடுத்துத் தின்பார். விற்காத பன் ராத்திரி வீட்டுக்கு வரும். அதை அம்மாவும் ஷாஹினாவும் தின்பார்கள். பேக்கரிக்காரன் பெண்டாட்டியாக வந்து ஒரு நாளாவது அன்றைய பன்னை அன்றைக்கே தின்றிருக்கிறேனா என்று அம்மா கேட்காத பெருநாள் கிடையாது. அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பழைய பன்னைப் புதுசாக்கும் வித்தையை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

பிறகு அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் படியேறக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். கட்டிலில் படுத்தபடியே செல்போனில் கடையை நடத்தினார். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவர், சாயங்கால டீக்குப் பன் வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. அதுவும் அன்றைக்குப் போட்ட பன்தான் வேண்டும். பேக்கரிக்காரன் பழசைத் தின்றால் கடை விளங்காதாம். கடையில் அன்றைய தட்டு அடுப்பை விட்டு இறங்கவே பொழுது சாய்ந்துவிடும். இவருக்கோ அதற்கு முன்பே, அஸ்ரு பாங்கு சொன்னதும் டீ வேண்டும். அம்மா என்ன செய்வாள்? முந்தின நாள் பன்னை எடுத்தாள்.

அவள் செய்வதைப் பார்க்க வேண்டும். இரும்பு தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, தீயை அணைகிற மாதிரிக் குறைத்துவிடுவாள். கையை நனைத்து உதறிவிட்டு, ஈர உள்ளங்கையால் பன்னின் மேல்தோலை ஒரு தடவு தடவுவாள், குழந்தைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி. அடியில் ஈரம் படக் கூடாது. கல்லின் நடுவில் சின்னத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் பன்னை உட்காரவைத்து, குழிவான சட்டியால் மூடிவிடுவாள். தண்ணீர் ஆவியாகிப் பன்னுக்குள்ளேயே இறங்கும். சட்டியின் மேல் கை வைத்துப் பார்த்து, சூடு சுருக்கென்றதும் திறந்துவிடுவாள். அதோடு விட்டால் பன் தொளதொளவென்று இட்லி மாதிரி இருக்கும். மூடியை எடுத்துவிட்டு இன்னும் செத்த நேரம் வெறும் சூட்டில் வைக்க வேண்டும். மேல்தோல் இறுகும். கடைசியில் விரல் நுனியில் வெண்ணெய் தொட்டு உச்சியில் ஒரு இழுப்பு. பளபளவென்று, கடைத் தட்டிலிருந்து நேராக வந்த மாதிரி இருக்கும்.

அத்தா கட்டைவிரலால் பன்னை அமுக்கிப் பார்ப்பார். அமுங்கின இடம் எழுந்து வர வேண்டும். வந்தால் புதுசு. ஆயுசு முழுக்கப் பன்னை அமுக்கிப் பார்த்த விரல் அது.

“இன்னிக்குப் போட்டதா?”

“ஆமா. இப்பத்தான் கடையில இருந்து வந்துச்சு.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு டீயில் தோய்ப்பார். அம்மா சமையலறைக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கரூரிலிருந்து ஷாஹினா போனில் பேசும்போதெல்லாம் அவளிடம் இதைச் சொல்லாமல் வைக்க மாட்டாள். “ஊருக்கே பன்னு போட்ட மனுசன், என்கிட்ட தெனம் ஏமாறுறாருடி.”

நேற்றும் அப்படித்தான் நடந்தது. லீவுக்கு வந்திருந்த ஷாஹினா சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். அமுக்கினார், கேட்டார், ஆமா என்றாள். பாதி தின்றுவிட்டுத் தட்டை மடியில் வைத்தபடி தலையணையில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அம்மா சட்டியைக் கழுவப் போனாள். கழுவிவிட்டு வந்து தட்டை எடுத்தபோது அவர் கை துவண்டு விழுந்தது.

ஜும்ஆவுக்கு முன் குளிப்பாட்டிக் கஃபன் துணியிட்டு, பெண்கள் முகம் பார்ப்பதற்காகக் கூடத்தை விட்டு ஆண்கள் வெளியேறினார்கள். வாசலில் ஆலிம்சா, மய்யித்து யாருக்காவது மனவருத்தம் தந்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது உள்ளே கேட்டது. பொறுத்துக்கொண்டோம் என்று பல குரல்கள் வந்தன. ஆரிபா மாமி அம்மாவைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்தாள்.

“மதினி, கல்யாணத்துல அண்ணன் தரணும்னு பேசுன மஹரை மன்னிச்சுட்டேன்னு சொல்லிருங்க.”

“அது அவரு அப்பயே குடுத்துட்டாரு.”

“குடுத்தாலும் ஒரு வார்த்தை சொல்றதுதான். அண்ணன் லேசாப் போகட்டும்.”

“மன்னிச்சுட்டேன்” என்றாள் கமர்ஜஹான். பிறகு குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில், “நீங்க?” என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். சுற்றி நின்ற பெண்கள் அது வழக்கமான அழுகை என்று எடுத்துக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். குனிந்தவள் நிமிரவில்லை. பதில் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்பதுபோல் அப்படியே இருந்தாள். ஹாமித் வாசலிலிருந்து, “மாமி, நேரமாச்சு” என்று மாமியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்ன பிறகு, ஷாஹினாதான் அம்மாவின் தோளைப் பிடித்து எழுப்பினாள். அத்தாவைச் சுமந்துபோன சந்தூக் தெருமுனை திரும்பும்வரை கலிமாச் சத்தம் கேட்டது. அப்புறம் வீடு வெறிச்சென்றாகிவிட்டது.

மத்தியானம் எதிர்வீட்டிலிருந்து நெய்ச்சோறும் தால்சாவும் வந்தன. எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆரிபா மாமி இரண்டாவது தடவை போட்டுக்கொண்டு, “பசிக்குது, என்ன செய்ய” என்று தன்மேலேயே கோபப்பட்டு அழுதாள். அம்மா கையை நனைக்கவில்லை.

நேற்றுப் பிரித்த பொட்டலத்தில் ஒரு பன் மிஞ்சியிருப்பது ஷாஹினாவுக்கு ஞாபகம் வந்தது. அதைச் சூடாகக் கொடுத்தால் தின்பாளோ என்று தோன்றியது. அடுப்பைத் தொட முடியாது. சமையலறை மூலையில், போன வருஷம் அவள் வாங்கிக் கொடுத்த மைக்ரோவேவ் இருந்தது. அதில் தீ இல்லை, பற்றவைப்பதும் இல்லை, மாமியால் ஒன்றும் சொல்ல முடியாது. கதவைத் திறந்தால் உள்ளே சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருந்தது. அம்மா அந்தப் பெட்டிக்குக் கண்டுபிடித்த உபயோகம் அது. வெங்காயத்தை அள்ளி வெளியே போட்டுவிட்டுப் பன்னை உள்ளே வைத்தாள். எடுக்கும்போது கை சுடுகிற அளவுக்குச் சூடாகத்தான் இருந்தது. அம்மாவிடம் கொண்டுபோவதற்குள் இறுகி, செருப்புத் தோலாகிவிட்டது.

கமர்ஜஹான் அதை வாங்கி, பிய்க்கப் பார்த்தாள். வரவில்லை. இழுத்தாள். பன் நீண்டதே தவிரப் பிய்யவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள்.

“வெங்காய வாடை வேற.”

“அம்மா...”

“இதைப் பாத்தாருன்னா எந்திரிச்சு வந்து திட்டுவாரு” என்றவள், திட்ட வரமாட்டார் என்பது அப்போதுதான் உறைத்ததுபோல, பன்னை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சாவு விழுந்ததிலிருந்து அம்மா இப்படி அழுவது இதுவே முதல்தடவை. ஷாஹினாவும் அழுதாள். பசியோடு அழுதால் தலைசுற்றும் என்கிற பயமும் அவளுக்குக் கூடவே இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு வாசலில் யாரோ செருமினார்கள். பழனிக்குமார் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் கடையில் சேர்ந்தபோது ஷாஹினா பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். இன்னும் அவனுக்குப் பாப்பாதான்.

“அம்மா சாப்ட்டாங்களா பாப்பா?”

“இல்லண்ணே. உள்ள வாங்க.”

“இல்ல, இருக்கட்டும்.” கையிலிருந்த பொட்டலத்தை நீட்டினான். நியூஸ் பேப்பரில் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. “இது பன்னு. பாயிக்கு உள்ளது. குடுக்கலாமா வேணாமான்னு காலையில இருந்து வச்சிக்கிட்டே இருந்தேன். அவரு சொல்லி எடுத்து வச்சதைத் தூரப் போடவும் மனசு வரல.”

“இன்னிக்குப் போட்டதா?”

கேட்ட பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்று ஷாஹினாவுக்கு உறைத்தது. 

“இன்னிக்கு எங்குட்டுப் போட? நேத்தும் இன்னிக்கும் அடுப்பே கெடையாதே. உள்ள தளத்துக் கல்லு பேந்துபோச்சு. பாய்தான் கொத்தனாரைப் பேசிவிட்டாரு. புதன்கெழமை போட்டதுலயே எனக்கு ரெண்டு நாளைக்கு எடுத்து வைடா பழனின்னாரு. நேத்து பங்கு புதன்கெழமை ராத்திரியே வீட்டுக்கு வந்துருச்சு. இது இன்னிக்கு பங்கு.”

ஷாஹினாவின் பின்னால் கதவுத் திரை அசைந்தது. அம்மா இத்தாவில் இருக்கிறாள், வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“பழனி, அவருக்கு உள்ளதுன்னா? வீட்டுக்கு மிச்சப் பன்னுதான வரும்?”

“மிச்சந்தாம்மா. ஆனா எதை அனுப்பணும்னு தெனம் ராத்திரி போன் போட்டுருவாருல்ல. மேல வெடிச்சதை அனுப்பாத, தண்ணி பட்டா ஊறிப்போகும்பாரு. அடி கருகுனது வேணாம், தோசைக்கல்லுல இன்னும் கருகும்பாரு. கவர்ல கட்டுனா வேர்த்துரும், பேப்பர்ல சுத்தும்பாரு.”

“தோசைக்கல்லுன்னா சொன்னாரு?”

“ஆமாம்மா.”

அந்தக் கேள்வியைக் கோபம் என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ, பழனிக்குமார் அவசரமாகச் சொன்னான்.

“நானே ஒரு நாளு கேட்டேன்மா. பாய், அடுப்பை வேணா முன்கூட்டிப் போட்டு, சூடா ஒண்ணு ஆட்டோவுல குடுத்துவிடவான்னு. வேணாம்டா, எனக்கு வீட்டுல தெனம் புதுசாத்தான் வருதுன்னு சொல்லிச் சிரிச்சாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

அவன் போன பிறகும் ஷாஹினா பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றாள். அடுப்பு இல்லை என்று தெரிந்தே நேற்று அமுக்கிப் பார்த்திருக்கிறார். தெரிந்தே கேட்டிருக்கிறார். அம்மா சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த ஒவ்வொரு நாளும், கட்டிலில் அவரும் சிரித்துக்கொண்டுதான் டீ குடித்திருப்பார். திரும்பினால் திரைக்குப் பின்னால் அம்மா இல்லை.

சமையலறையில் ஸ்டவ்வின் மேலிருந்த துணி மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. தோசைக்கல் ஏறியிருந்தது. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். ஆரிபா மாமி உள்ளறையில் தொழுகைக்கு நின்றிருந்தாள்.

“அம்மா, மாமி வந்தா...”

“தொழுதுட்டு வரட்டும். பேப்பரைப் பிரி.”

ஆறு பன்கள். தோல் வெடிக்காமல், அடி கருகாமல், பார்த்துப் பொறுக்கியவை. ஆனால் இரண்டு நாள் பழசு, கல்லாக இருந்தன. கமர்ஜஹான் ஒன்றை எடுத்து அமுக்கினாள். அமுங்கவே இல்லை.

“இதுக்குக் கைத்தண்ணி பத்தாது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு துணியை நனைத்துப் பிழிந்து பன்களைச் சுற்றினாள். கல்லில் கவிழ்த்த தட்டின்மேல் வைத்துச் சட்டியால் மூடினாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. சட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள். பிறகு திறந்து, துணியை உருவிவிட்டு, பன்களை வெறும் சூட்டில் விட்டாள். பாலும் கொதித்தது. டீத்தூளுக்காக ஷாஹினா அலமாரியில் கைவிட்டபோது பின்னாலிருந்த தட்டு தட்டுப்பட்டது. அதை வெளியே எடுக்காமல், டப்பாவை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

வெண்ணெய் வாசனை உள்ளறைக்குப் போயிருக்க வேண்டும். தொழுகை முடித்த கையோடு மாமி வந்துவிட்டாள். அதற்குள் அடுப்பு அணைந்து, துணி பழையபடி ஸ்டவ்வின்மேல் விரிந்திருந்தது. பன்கள் தட்டில் இருந்தன. மாமி ஒன்றை எடுத்து, சூடு பொறுக்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்து, ஒரு வாய் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“அண்ணன் கடைப் பன்னுதான். அப்படியே இருக்கு.” மென்றுகொண்டே மதினியைப் பார்த்தாள். “பழனி குடுத்துவிட்டானா? இன்னிக்குப் போட்டதா மதினி?”

கமர்ஜஹான் தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கட்டைவிரலால் உச்சியில் அமுக்கினாள். பள்ளம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல எழுந்து வந்தது.

“ஆமா,” என்றாள். “இப்பத்தான் கடையில இருந்து வந்துச்சு.”

பன்னைப் பிட்டு டீயில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.